பூவைச் சாட்சிக்கு அழைக்கலாமா? போன்சாய் என்ற உவமையும் அதன் வரலாறும்

1

போன்சாய் நம் கவிதைகளுக்குள் உவமையாகத்தான் நுழைந்தது. வேர் நறுக்கப்பட்டு, கிளை முறுக்கப்பட்டு, கையகலத் தொட்டிக்குள் வளர மறுக்கப்பட்ட மரம். அதைப் பெண் என்று வாசிக்கலாம், பள்ளிக்கூடத்துக் குழந்தை என்று வாசிக்கலாம், சேரிக்குள் அடைக்கப்பட்ட மனிதன் என்றும் வாசிக்கலாம். வாசித்திருக்கிறோம். கட்சிக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்ட எழுத்தாளனைத் திட்டவும் இதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறோம். உவமை வசதியானது, யாரை வேண்டுமானாலும் அந்தத் தொட்டியில் நடலாம்.

இந்த வசதிதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு கூட்டத்தில் இதை நான் சொன்னபோது தோழர் ஒருவர் குறுக்கிட்டார்: "போன்சாய்னாலே சித்திரவதைதானே, இதுல பேச என்ன இருக்கு?" இருக்கிறது என்றே நினைக்கிறேன். குறிப்பாக, பூத்துக் காய்க்கும் போன்சாயை முன்வைத்துப் பேசினால் இந்த உவமையின் உள்ளே மறைந்திருக்கும் சில விஷயங்கள் வெளியே வருகின்றன. கம்பியைக் கட்டிக் கிளையை வளைத்துவிடலாம். கம்பியைக் கட்டிப் பூவை வரவழைக்க முடியுமா? வரவழைத்த பூ எதற்குச் சாட்சி சொல்கிறது? மரத்தின் சுகத்துக்கா, அதன் பயத்துக்கா? இந்தக் கேள்விகளை வரலாற்றின் வழியே கேட்டுப் பார்க்கிறேன்.

2

உவமையின் மிகக் கூர்மையான வடிவம் 1839இல் சீனாவில் எழுதப்பட்டது. எழுதியவர் கோங் ஸிஜென் (1792–1841). ஹாங்ஜோவில் பிறந்தவர், மேல்தட்டு அறிவாளி. அரசுத் தேர்வில் பலமுறை தோற்று 1829இல்தான் உயர்நிலைத் தேர்ச்சி பெற்றார். பெய்ஜிங்கில் சிறு பதவிகளிலேயே கிடந்தார். அபின் ஒழிப்புக்கு அனுப்பப்பட்ட லின் ஸேஷூவின் நண்பர். 1839இல் பதவியை விட்டுத் தெற்கே திரும்பினார். அதே ஆண்டில் எழுதியதுதான் 'நோயுற்ற பிளம் விடுதிக் குறிப்பு' என்ற மிகச் சிறிய உரைநடை. சீனப் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் இடம்பெற்ற பிரதி அது.

இங்கே பிளம் என்பது சீனத்தில் மெய் என்றும் ஜப்பானில் உமே என்றும் சொல்லப்படும் மரம். ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய உறவு. குளிர்காலம் முடியும் முன்பே, இலை வருவதற்கு முன் பூத்துவிடும். பனியில் பூப்பதாலேயே சீனப் படிப்பாளிகளுக்கு அது அறத்தின் சின்னம். நான்ஜிங், சூஜோ, ஹாங்ஜோ பகுதிகளில் விளையும் இந்த மரங்களைப் பற்றித்தான் கோங் பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம் இது: பிளம் வளைந்திருந்தால் அழகு, சாய்ந்திருந்தால் அழகு, கிளை அடர்த்தியில்லாமல் இருந்தால் அழகு என்று படிப்பாளிகளும் ஓவியர்களும் மனதுக்குள் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இதை அவர்கள் வெளிப்படையாக ஆணையிட முடியாது. ஆனால் யாரோ ஒருவர் இந்த ரகசிய ரசனையை மரம் விற்பவர்களின் காதில் போட்டுவிடுகிறார். அவர்கள் நேரானதை வெட்டி, அடர்ந்ததைக் கழித்து, இளந்தளிரைக் கொன்று, நல்ல விலைக்கு விற்கிறார்கள். தெற்குச் சீனத்துப் பிளம் எல்லாமே நோயாளி ஆகிவிட்டன.

பிறகு கோங் முந்நூறு தொட்டி வாங்குகிறார். ஒன்றுகூட முழுதாக இல்லை. மூன்று நாள் அழுகிறார். தொட்டிகளை உடைத்து, மரங்களைத் தரையில் நட்டு, கட்டியிருந்த நார்க்கயிற்றை அவிழ்த்து, ஐந்தாண்டில் குணப்படுத்துவதாகச் சபதம் செய்கிறார். அதற்காக ஒரு விடுதி திறக்கிறார். தனக்கு நிறைய ஓய்வும் நிறையக் காலி நிலமும் இருந்தால் மூன்று ஊர்களின் நோயுற்ற பிளம்களையும் கொண்டுவந்து வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்ப்பேனே என்ற ஏக்கத்தோடு முடிக்கிறார்.

மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தேர்வு முறையால் தலை வெட்டப்பட்டு, அரசுக்கு ஏற்ப வளைக்கப்பட்ட அறிவாளிகளைத்தான் சொல்கிறார் என்பது வாசிக்கிற எவருக்கும் புரியும். அதிகாரம் இங்கே ஆணையாகச் செயல்படவில்லை, ரசனையாகச் செயல்படுகிறது என்று அவர் கண்டதுதான் இந்தப் பிரதியின் பலம். யாரும் உத்தரவு போடவில்லை, எல்லோரும் கீழ்ப்படிந்துவிட்டார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு மரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் ஒரு படம் உண்டு: கோணலாக வளர்ந்த இளமரம் ஒன்று நேரான முளையோடு கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. நிக்கொலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த படம். குழந்தைகளின் உடல் கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றிய நூல். 'ஆர்த்தோபெடிக்' என்று நாம் இன்று எலும்பு மருத்துவத்துக்குச் சொல்லும் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவின் கயிறு கோணலை நேராக்குகிறது. கோங் காட்டும் கயிறு நேரானதைக் கோணலாக்குகிறது. கயிறு ஒன்றுதான். ஆகவே நேர் என்பது விடுதலை, கோணல் என்பது ஒடுக்குமுறை என்று எழுதிவைத்துக்கொள்ள முடியாது. வடிவத்தைப் பார்த்து வன்முறையை அளக்க முடியாது என்பதுதான் இந்த இரண்டு மரங்களையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் முதல் பாடம்.

3

கோங்கின் பிரதியில் ஒருவருக்குக் குரல் இல்லை. மரம் விற்பவர். விலைக்காக மரத்தைக் கெடுப்பவர் என்ற ஒரே வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. அந்த முந்நூறு தொட்டியை வளர்க்க எத்தனை பேர் எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினார்கள்? கோங் கொடுத்த காசு யார் வீட்டு அரிசியாயிற்று? பிரதிக்கு இதில் அக்கறை இல்லை. விடுவிப்பவருக்குப் பணம் இருக்கிறது, உடைக்கத் தொட்டி இருக்கிறது, நட நிலம் இருக்கிறது. மேலும் நிலம் வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. விடுதலை நிலவுடைமையாளர் பாஷையில் பேசுகிறது என்று சொன்னால் கோங்கைக் குறைத்துப் பேசுவதாகாது.

தட்டில் வைத்த மரத்துக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சித்திரிப்புகளில் ஒன்று சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் இருக்கிறது. தாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறை. அவர் 684இல் தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர். 706இல் அரச மரியாதையோடு மறு அடக்கம் செய்யப்பட்டவர். 1970களின் தொடக்கத்தில் அகழப்பட்ட அந்தக் கல்லறைச் சுவரில் ஒரு பணியாள் சிறு கற்களும் காய்த்த சிறு செடிகளும் உள்ள தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறார். ஆக, இந்தக் கலையின் மிகப் பழைய படங்களில் ஒன்றிலேயே ஏவலாளின் கைகள் இருக்கின்றன. இளவரசரின் பெயர் தெரியும். தட்டைச் சுமப்பவரின் பெயர் தெரியாது. மரத்தைப் பற்றிப் பேசும்போது கைகளை மறப்பது நம் உவமையோடு தொடங்கிய பழக்கம் இல்லை போலும்.

அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்காமல் இதைப் பேச முடியாது. கவாத்தும் கம்பியும்தான் போன்சாய் என்று நினைக்கிறோம். இலை விஷயத்தில் ஓரளவு சரி. திரும்பத் திரும்பக் கிள்ளினால், சில மரங்களில் இலையை உருவிவிட்டால், அடுத்து வரும் இலை சிறுத்துப் போகும். ஆனால் பூவும் காயும் அப்படிச் சிறுப்பதில்லை. முழங்கை உயர மரத்திலும் சீமைமாதுளைக் காய் தன் முழு அளவில்தான் தொங்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் இயல்பிலேயே சின்னக் காய் காய்க்கும் இனங்களைத் தேடிப் போனார்கள்: காட்டு ஆப்பிள், குட்டை மாதுளை, செம்மணி போலக் காய்க்கும் ஹாலி வகைகள். மரத்தின் எல்லா உறுப்பும் ஒரே மாதிரி அடங்கிவிடுவதில்லை.

இன்னும் முக்கியமானது கத்தரியின் காலம். மாதுளை அந்தப் பருவத்தில் விட்ட புதுக்கிளையின் நுனியில் பூக்கும். உருவம் கெடக் கூடாதென்று நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அழகான மரம் கிடைக்கும், ஒரு பூ கிடைக்காது. பிளம் முந்திய ஆண்டு வளர்ந்த கிளையில் பூக்கும். எனவே பூ முடிந்ததும் வெட்டிவிட்டு, அதன்பின் கோடைமுழுக்கக் கிளையை அதன் போக்கில் நீளவிட வேண்டும். அந்த மாதங்களில் மரம் தலைவிரித்துக் கிடக்கும், பார்க்கச் சகிக்காது. மொட்டு கட்டும் வரை கத்தரியைத் தொடக் கூடாது. அதாவது பூ வேண்டுமென்றால் உருவத்தின் மீதான பிடியை வளர்ப்பவர் தளர்த்தியாக வேண்டும். ஹாலியில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பக்கத்தில் ஆண் மரம் இல்லாவிட்டால் பெண் மரத்தில் காய் நிற்காது. காய் நின்றாலும் எல்லாவற்றையும் விட்டுவைக்க முடியாது. சின்ன வேர்ப்பிடிப்புள்ள மரத்தைக் காய்ப்பு உறிஞ்சிவிடும். அதனால் சில வருடம் பிஞ்சிலேயே கிள்ளி மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். கட்டளையும் கீழ்ப்படிதலும் என்ற சட்டகத்துக்குள் இந்த உறவை முழுதாக அடைக்க முடியவில்லை. பேரம் என்று சொல்லலாம். சமமில்லாத பேரம்தான், சந்தேகமில்லை.

ஏனென்றால் மறுபக்கமும் இருக்கிறது. மொட்டு கட்டும் பருவத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பதும், தழைச்சத்தைக் குறைப்பதும் பூவுக்கான உத்திகள். நம் எலுமிச்சைத் தோட்டங்களிலும் இது உண்டு. தண்ணியை நிறுத்தி, இலை வாட விட்டு, பிறகு பாய்ச்சினால் கொல்லென்று பூக்கும். நெருக்கடியில் சில மரங்கள் சந்ததியை அவசரப்படுத்துகின்றன. பட்டுப்போவதற்கு முந்திய வருடம் மரம் காய்த்துக் கொட்டியதை ஊரில் பார்த்தவர்கள் உண்டு. ஆக நன்றாக இருப்பதால் பூக்கும் பூ ஒன்று, பயத்தில் பூக்கும் பூ ஒன்று. பார்வையாளருக்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே வாசனை. "பாருங்க, பூத்திருக்கு, சந்தோஷமா இருக்கு" என்று சொல்பவரும் பூவைத் தப்பாகத்தான் சாட்சிக்கு அழைக்கிறார். "எல்லாம் சித்திரவதை" என்று சொல்லும் நம் தோழரும் அப்படியே. தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த மரத்தை யார், எப்படி, எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரிப்பதுதான்.

4

தொட்டி மரம் நிலத்தோடும் அதிகாரத்தோடும் எப்படிப் பண்டமாற்றம் ஆயிற்று என்பதற்கு ஜப்பானிய நோ நாடகமான 'ஹாச்சி நோ கி' நல்ல உதாரணம். தலைப்பின் பொருளே தொட்டி மரம்தான். உறவினர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதால் வறுமையில் விழுந்த ஒரு சாமுராய். பனி கொட்டும் இரவில் ஒரு துறவி வந்து தங்குகிறார். எரிக்க விறகில்லை. செல்வம் இருந்த காலத்தில் சேர்த்தவற்றில் மிஞ்சிய மூன்று தொட்டி மரங்கள், ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன், அவற்றை வெட்டி விருந்தாளிக்குக் குளிர் காய்கிறான். துறவி உண்மையில் மாறுவேடத்தில் வந்த ஹோஜோ தோகியோரி, 13ஆம் நூற்றாண்டின் ஆட்சியாளர். பின்னர் படையழைப்பு வரும்போது கிழிந்த கவசத்தோடு வந்து நிற்கும் இவனுக்கு இழந்த நிலம் திரும்பக் கிடைக்கிறது. கூடவே மூன்று நிலப்பகுதிகள், பெயரிலேயே பிளம், செர்ரி, பைன் உள்ள மூன்று ஊர்கள்.

மரத்துக்கு ஊர். நாடகம் இதை விசுவாசத்தின் பரிசாகக் கொண்டாடுகிறது. அந்த ஊர்களில் குடியிருந்த உழவர்கள் ஒரு இரவின் மூன்று விறகுக் கட்டைகளுக்கு ஈடாகக் கைமாறினார்கள் என்று வாசிக்க நாடகம் நம்மை அழைக்கவில்லை. நாம் வாசிக்கலாம்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஜோ ஷோஜுவான் (1895–1968) ஷாங்ஹாயில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். தாய் தையல் வேலை செய்து வளர்த்தார். ஐரோப்பியச் சிறுகதைகளைச் சீனத்துக்குக் கொண்டுவந்த ஆரம்பகால மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர். 1917இல் வந்த அவருடைய தொகுப்பை லூ ஷுன் பாராட்டினார். பத்திரிகை ஆசிரியர். காதல் கதைகள் எழுதியதால் மே நான்கு இயக்கத்து எழுத்தாளர்கள் அவரைப் 'பட்டாம்பூச்சி'க் கோஷ்டி என்று ஒதுக்கினார்கள். சூஜோவில் தோட்டத்தோடு வீடு வாங்கித் தொட்டி மரங்களில் மூழ்கினார். பிளம் அவருக்கு உயிர். 1949க்குப் பிறகும் அந்தத் தோட்டம் தழைத்தது. பிரதமர் ஜோ என்லாய் வரை வந்து பார்த்தார்கள். மகனோடு சேர்ந்து தொட்டி மரம் வளர்ப்பது பற்றி 1957இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

கலாச்சாரப் புரட்சி வந்தது. தொட்டி மரம் பூர்ஷ்வா பொழுதுபோக்கு என்று முடிவாயிற்று. மரங்கள் அழிக்கப்பட்டன. 1968 ஆகஸ்டில் ஜோ தன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்தார்.

கோங்கின் பிரதியைப் படித்துவிட்டுத்தான் தோட்டத்தை உடைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு நேர்க்கோடு கிடையாது. ஆனால் ஒரு தர்க்க ஒற்றுமை இருக்கிறது, அதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. மரம் ஒரு வர்க்கத்தின் குறியாக மட்டும் பார்க்கப்படும்போது, அதை உடைப்பது அரசியல் செயலாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றிய கைகள் குற்றவாளியின் கைகள் ஆகிவிடுகின்றன. கோங் தொட்டியை உடைத்தபின் மரத்தை நட்டார். ஐந்து வருடம் பார்த்துக்கொள்வதாக ஏற்றார். 1960களில் உடைத்தவர்களுக்கு நடும் கடமை இருக்கவில்லை. எழுத்தாளனும் செயல்பாட்டாளனும் ஒரே ஆளாக இருக்க விரும்பும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கிணற்றைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு உவமை எழுதுவது நல்லது.

5

இப்போது வீட்டுக்குள் வரலாம். கோங்கின் பிளம்மும் சரி, நாடகத்து மரங்களும் சரி, ஜோவின் தோட்டமும் சரி, வெயிலிலும் பனியிலும் வெளியே நின்றவை. ஜப்பானிய வீட்டின் மாடக்குழியில் பூத்த மரத்தை வைப்பது இரண்டு மூன்று நாளுக்கு. பிறகு வெளியே போய்விடும். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் மரம் வளர்ப்பவர்கள் 1925இல் ஓமியாவில் தங்களுக்கென ஒரு ஊரை அமைத்துக்கொண்டபோது வகுத்த விதிகள் சுவையானவை: ஆளுக்குப் பத்துக்குக் குறையாமல் மரம் வேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், சுவருக்குப் பதில் உயிர்வேலி, மாடி வீடு கூடாது. வெயிலை யாரும் யாருக்கும் மறைக்காத ஊர் என்று இதை வாசிக்கலாம்.

அதற்கு நேர் எதிரில் நிற்கிறது 'உள்ளறை போன்சாய்'. அடுக்குமாடியும் அறைச் சூடேற்றியும் பரவிய மேற்குலக நகரங்களில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு சரக்காக அது பெருகியது. திறந்தவெளி நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். அறையின் நடுவில் சில நூறு லக்ஸ்கூடத் தேறாது. மனிதக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. மரத்துக்கு அது பட்டினி. பிளம், செர்ரி, ஆப்பிள் போன்றவற்றுக்குக் குளிர் வேண்டும்; சில நூறு மணி நேரமாவது கடும் குளிரில் உறங்கினால்தான் மொட்டு விழிக்கும். வருடம் முழுக்க ஒரே வெப்பம் உள்ள அறையில் பனிக்காலமே இல்லை, அதனால் பூவும் இல்லை. அறைக்குள் தேனீ வராது; காய் வேண்டுமென்றால் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை நாமே பூவுக்குப் பூ எடுத்து வைக்க வேண்டும்.

ஆகவே சந்தை குளிர் கேட்காத மரங்களைத் தேடியது. அகப்பட்டதில் ஒன்று கார்மோனா. சீனாவில் ஃபூஜியன் தேயிலை என்பார்கள். வருடத்தில் பல மாதம் சின்ன வெள்ளைப் பூ, பிறகு சிவப்பு மணிக் காய். இது நமக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வெயிலைக் குடித்து வளரும் குருவிங்கிதான், குரங்கு வெற்றிலை என்றும் சொல்வார்கள். குவாங்ஜோவை மையமாகக் கொண்ட லிங்நான் மரபில் இதை வளர்க்கும் முறை தனி: கம்பியை நம்பாமல், கிளையைத் தாராளமாக வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டி, வருடக்கணக்கில் வடிவம் எடுப்பார்கள். அதே மரம் ஏற்றுமதித் தொட்டியில் ஏறும்போது நடப்பது வேறு. பயணத்தில் மண் சிந்தாமல் இருக்க மேலே கூழாங்கல்லைப் பசையால் ஒட்டிவிடுவது உண்டு. ஊற்றுகிற தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடிவிடும், வேருக்குப் போகாது. வாங்கியவர் ஜன்னலோரத்திலோ மேசை மேலோ வைக்கிறார். கடையில் பூத்திருந்த மரம் சில வாரத்தில் இலை உதிர்க்கிறது. செத்தால் இன்னொன்று வாங்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அடுக்குமாடி வீட்டில் இப்படி ஒரு குட்டை மாதுளை தப்பிப் பிழைத்துக் காய்க்கவும் செய்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா தினமும் காலையில் அதைப் பால்கனி வெயிலுக்குத் தூக்கிப்போய் வைத்து, சாயங்காலம் கிளம்பும் முன் உள்ளே எடுத்து வைப்பாராம். கேட்டதற்கு, "வெயில் படாம எப்படிங்க காய்க்கும், அதுவும் உசிருதானே" என்றார். வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்காரரின் ரசனையைப் பாராட்டினார்கள்.

வடிவம் வளைந்ததா என்பது மட்டும் கேள்வியாக இருந்தவரை நாம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூத்துக் காய்க்கும் மரம் வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: வெயில் யாரிடம் இருக்கிறது, பனிக்காலத்தை யார் பறித்தார்கள், தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள், காயைக் காட்டிப் பெயர் வாங்குவது யார்? கோங்கின் பிரதியை நான் இன்னமும் பெரிய பிரதி என்றே நினைக்கிறேன். ரசனை அதிகாரமாவதை அவரைப் போல் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அவர் வாங்கிய முந்நூறு தொட்டிக்கும் முந்நூறு விற்பனை நடந்திருக்கிறது, அதற்கு முன்னால் பல ஆயிரம் நாள் தண்ணீர் ஊற்றல் நடந்திருக்கிறது. அடுத்தமுறை ஒரு மனிதரைப் போன்சாய் என்று எழுதப் போகிறவர்கள் அந்த நாட்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதட்டும். தொட்டியை உடைக்க வேண்டுமென்றால் உடைக்கலாம். உடைத்தபின் யார் நிலத்தில் நடுவது, யார் தண்ணீர் ஊற்றுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு உடைக்க வேண்டும்.